என் தலை மணத்த தேயிலை

முடி கொட்டினால் வலிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வழுக்கை என்றாலே சிரிப்புத்தான். அது அடுத்தவர் தலையில் இருக்கும்வரை நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் தலையில் அது தொடங்கியபோது எனக்கு முப்பது வயதுகூட முடியவில்லை. ஊட்டி மலையில், நடுவட்டத்துக்குக் கீழே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் உதவி டீமேக்கராக இருந்தேன். கல்யாணமாகிக் கோபிப் பக்கத்திலிருந்து மனைவியை அழைத்துவந்து, தொழிலாளர் லைன் வீடுகளுக்கு மேலே இருந்த குவார்ட்டர்ஸில் குடித்தனம் வைத்த புதிது.

முதலில் அரிப்பு. பிறகு உச்சந்தலையில் ஒரு சூடு. காலையில் சீப்பை வைத்தால் முடியின் வேர் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கும். காய்ச்சல் வந்தால் உடம்பு தொட்டால் நோகுமே, அந்த மாதிரி. தலையணையில் தலை வைத்துப் படுக்க முடியாது. கன்னத்தை வைத்துக் குப்புறப் படுப்பேன். மனைவி ஆசையாகத் தலையில் கை வைத்தால் தட்டிவிடுவேன். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்த பிறகு அவள் கை வைப்பதை விட்டுவிட்டாள். ஏன் தட்டிவிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. புது மாப்பிள்ளை பெண்டாட்டியிடம் சொல்லிக்கொள்ளும் விஷயமா அது?

வெளியே ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொன்னேன். மேனேஜரிடம். அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். நல்ல அடர்ந்த முடி. சட்டைப்பையில் ஒரு சீப்பு எப்போதும் இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்து ஒரு வாரு வாரிக்கொள்வார். என் நெற்றி நாளுக்கு நாள் வளர்வதைப் பற்றி அவரிடம் தினம் ஒரு கிண்டல் தயாராக இருக்கும்.

"தலை எரியுதுங்க. முடியெல்லாம் வலிக்குதுங்க" என்றேன்.

"முடி வலிக்குமாப்பா? இருக்கறதே நாலு. அதுல எது வலிக்குதுன்னு காட்டு, ஊதி விடறேன்" என்றார்.

பக்கத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அழுகை வந்தது என்பதுதான் உண்மை. அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கம்பளிக் குல்லாயை இறுக்கி மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒருவன் வருஷம் முழுக்கக் குல்லாய் போட்டிருந்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. அது ஒரு வசதி.

மருந்தும் கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. இந்த மலையில் சளிக்குத் தைலம், தலைவலிக்குத் தைலம், மூட்டுக்குத் தைலம், அட்டை கடித்தால் தைலம். யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் இறக்கும் கொட்டகை ஒன்று பஸ் ரோட்டிலேயே இருந்தது. கடையில் விற்கும் கலப்புச் சரக்கு நமக்கெதற்கு என்று நேராக அங்கேயே போய் ஒரு பாட்டில் வாங்கிவந்தேன். குளிரில் உறைந்து கல்லாகக் கிடக்கும் தேங்காய் எண்ணெயை அடுப்போரம் வைத்து உருக்கி, அதில் தைலத்தைத் தாராளமாக ஊற்றி, உச்சியில் வைத்துத் தேய்த்தேன்.

ஆஹா என்று இருந்தது. ஐஸ் வைத்த மாதிரி ஒரு குளிர்ச்சி. கொஞ்ச நேரம்தான். அப்புறம் முன்னைவிட இரண்டு மடங்கு எரிந்தது.

வேறு ஊர்க்காரன் அத்தோடு பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பான். நாங்கள் மாட்டோம். எரிகிற தைலம்தான் நல்ல தைலம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கொட்டகையில் வாங்கும்போதே புறங்கையில் ஒரு சொட்டு வைத்து, சுருக்கென்று பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவோம். எரிந்தால் வேலை செய்கிறது. அதற்கு மேல் நானாக ஒரு சித்தாந்தமும் கட்டிவைத்திருந்தேன். எரிச்சல் என்பது வேரில் இன்னும் உயிர் இருப்பதன் அடையாளம். எரிச்சல் நின்றால் முடி தோற்றுப்போய்விட்டது என்று பொருள். ஆகவே எரிய எரியத் தேய்த்தேன். காலையில் ஒரு தரம், படுக்கப் போகுமுன் ஒரு தரம். மேலே குல்லாய். சீழ் கட்டின சின்னச் சின்னப் பருக்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அதையும் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டேன். உள்ளே இருக்கும் கெட்டது வெளியே வருகிறதாம்!

இனி என் வேலையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தேயிலையை அரைத்தபின் ஈரமான ஒரு அறையில் மெல்லிசாகப் பரப்பி வைப்பார்கள். பச்சையாக இருப்பது மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு மாறும். பச்சைப்புல் வாசனை போய், பழுத்த பழத்தைப் போல ஒரு மணம் வரும். அந்த மணம் உச்சிக்கு வரும் நேரத்தில் இலையைச் சூட்டில் காயவைக்கும் டிரையருக்கு அனுப்பிவிட வேண்டும். முந்தினால் டீ நாக்கைப் பிடிக்கும். பிந்தினால் சப்பென்று போகும். அந்த நேரத்தை எங்கள் ஃபேக்டரியில் எந்தக் கருவியும் சொல்லாது. ஒரு ஆள் பரப்பிய இலையின் மேல் குனிந்து, ஒரு கைப்பிடி அள்ளி, மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஆள் நான்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. இலை நிறுக்கும் கொட்டகையில் மழையிலும் பனியிலும் நின்றுகொண்டிருந்தவன். ஒரு நாள் அந்தப் பக்கம் வந்த மேனேஜரிடம், இந்தச் சாக்கில் இலை வெந்துபோயிருக்கிறது என்று பிரிக்காமலே சொன்னேன். பிரித்துப் பார்த்தார், அப்படியே இருந்தது. அன்றைக்கே என்னை உள்ளே எடுத்துக்கொண்டார். எனக்கென்று இருந்த ஒரே சொத்து மூக்குத்தான். முடி போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல் போனபோதும், மூக்கு இருக்கிறதே என்று தேற்றிக்கொள்வேன்.

தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஃபேக்டரிக்குள் பூ கூடாது, பவுடர் கூடாது, பீடி, மூக்குப்பொடி எதுவும் கூடாது. அந்தச் சட்டத்தை அமல்படுத்துவதில் நான் கொஞ்சம் மூர்க்கன். சலிக்கும் அறைக்கு வரும் பெண்கள் பூவைக் கழற்றிக் கேட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். "இது கனகாம்பரமுங்க ஐயா, இதுக்கு மணமே இல்லீங்க" என்று ஒரு பெண் கெஞ்சியபோதுகூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. தைலத்துக்கும் தடைதான். ஆனால் மழை மாதங்களில் எங்கள் ஊரில் எந்த மஃப்ளரில்தான் அது இல்லை? பஸ்ஸில் அது, கடையில் அது, காற்றில் அது. அதை வாசனை என்றே எங்கள் மூக்கு எண்ணுவதில்லை. நான் தேய்த்துக்கொள்வதோ வீட்டில். குல்லாய்க்குள் இருப்பது குல்லாய்க்குள்ளேயே இருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் டீ விலைபோகும் குன்னூர் ஏலத்திலிருந்து முதல் தடவை போன் வந்தது. டீயில் யூகலிப்டஸ் வாடை அடிக்கிறது, வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று. மேனேஜர் நேராக அடுப்படிக்குப் போனார். எங்கள் டிரையருக்கு எரிப்பது யூகலிப்டஸ் விறகு. குழாய் எங்கோ ஓட்டை. புகை கசிந்து இலையில் ஏறுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். அங்கேயும் ஃபேக்டரி அடுப்பிலேயே இருந்தவர். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் யாரும் கேட்கவில்லை. அடுப்பை நிறுத்தி, ஆற விட்டு, குழாய் குழாயாகக் கழற்றிப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை. இருந்தாலும் விறகை மாற்றினார்கள்.

இரண்டாம் தடவையும் போன் வந்தது. அதே வாடை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்குக் கிண்டல் இல்லை. சீப்புகூட வெளியே வரவில்லை.

"ஏப்பா, அடுப்புன்னு நெனச்சேன், அடுப்பில்ல. வெறகுன்னு நெனச்சேன், வெறகுமில்ல. குன்னூர்ல இருக்கறவனுக்குத் தெரியற வாடை இங்க நின்னு மோந்து பாக்கற உனக்குத் தெரியல. அப்பறம் நீ எதுக்கு? இன்னொரு தடவை இந்த மாதிரி வந்துச்சுன்னா நீ எலக் கொட்டகைக்கே போயிரு. குவார்ட்டர்ஸையும் காலி பண்ணிக் குடு."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னைக் கொன்றது. ஒவ்வொரு மாதிரியையும் எடுத்து மோந்து பார்த்தேன். கொதிநீர் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. முடியோடு மூக்கும் போய்விட்டதா என்று பயந்தேன். யோசிக்க யோசிக்கத் தலை எரிந்தது. எரிய எரியச் சொறிந்தேன். சொறிந்த கையாலேயே அடுத்த பரப்பில் இலையை அள்ளி மூக்கில் வைத்தேன்.

அந்த வாரம் வழக்கம்போல ஸ்டாஃபுக்குக் கொடுக்கும் டீத்தூள் பொட்டலம் வந்தது. மனைவி அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடியும் பொட்டலத்தை மோந்தாள்.

"ஏனுங்க, இந்தத் தூளு உங்க தலையாட்டமே மணக்குதுங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எல்லாரும் என் தலையவே புடிச்சுக்கங்க. ஃபேக்டரியில பத்தாதுன்னு ஊட்டுலயுமா?" என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. "நான் வெளயாட்டுக்குச் சொல்லலீங்க. நான் கீழ் நாட்டுக்காரிங்க, எனக்கு இந்த ஊரு வாசம் இன்னும் பழகல. தலகாணி, குல்லா, உங்க சட்டைக் காலரு, இந்தத் தூளு, நாலும் ஒரே மணமுங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தலையில என்னதானுங்க பண்ணுது? தொட்டாத் தட்டி உடறீங்க. என்னையப் புடிக்கலியோன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் குல்லாயைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தலையைக் குனிந்து காட்டினேன். அவள் "ஐயோ" என்றாள்.

அவள் சொன்னது உண்மையா என்று தெரிய வேண்டுமானால் முதலில் என் தலையிலிருந்து தைலம் போக வேண்டும். எவ்வளவு குளித்தாலும் அது போகாது. முடியிலும் தோலிலும் ஊறிக் கிடந்தது. மொட்டை அடித்துவிடலாம் என்றேன். மனைவி முகம் வாடியது. என் அப்பா கல்லுக் குண்டாட்டம் இருக்கிறார். அப்பா இருக்கும்போது வேண்டுதலும் இல்லாமல் மகன் மொட்டை போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடி நின்றுவிட்டு வந்தாள்.

"பழனிக்கு வேண்டிக்கிட்டனுங்க. ஆரு கேட்டாலும் வேண்டுதல்னு சொல்லுங்க. பொய்யில்லீங்க, இப்பத்தான் வேண்டினேன்."

பஜாரில் முடிவெட்டுக் கடைக்காரர் குல்லாயைக் கழற்றிப் பார்த்ததும் பின்வாங்கினார். "தலை பூரா ரணமாக் கெடக்குதுங்க. இதுல கத்தி வெக்க என்னால ஆகாதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று நாற்காலியை விட்டே எழுப்பிவிட்டார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊட்டி பஸ் ஏறினேன். பைக்காரா தாண்டும்வரை, டாக்டரிடம் என்ன சொல்வது, அவரும் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

ஒரு டாக்டரம்மா பார்த்தார். வெளிச்சத்தில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது முடியைப் பற்றி இல்லை.

"இதை வச்சுக்கிட்டு எப்படித் தூங்கறீங்க?"

இத்தனை மாதத்தில் அப்படி ஒருவர் கேட்டதே இல்லை. தைலத்தைப் பற்றியும் எரிச்சல் சித்தாந்தத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"முடி போறது ஒரு கதை. இந்தத் தோல் வீங்கி எரியறது வேற கதை. ரெண்டும் ஒரே தலையில நடக்குது, அதனால ஒண்ணுன்னு நினைச்சுட்டீங்க. முதல்ல ஏதோ பொடுகு, அரிப்பு இருந்திருக்கும். அதுமேல தைலத்தை ஊத்தி, கம்பளியப் போட்டு மூடி வேக வச்சிருக்கீங்க. முடியை என்னால திருப்பித் தர முடியாதுங்க. எரிச்சலை நிறுத்திடலாம்."

தைலம் கூடவே கூடாது; குல்லாய்க்கு உள்ளே பருத்தித் துணி; கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றாமல் வெதுவெதுப்பான தண்ணீர்; மருந்து போட்ட ஷாம்பூ; தடவ ஒரு தண்ணி மருந்து, சாப்பிட மாத்திரை; ரணம் ஆறினதும் மெஷினில் ஒட்ட வெட்டிக்கொள்ளலாம், கத்தி வேண்டாம். இவ்வளவுதான் வைத்தியம்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். முடி வராது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வழுக்கைக்கு நான் கொடுக்க வேண்டிய விலை என்று அந்த வேதனையைச் சுமந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு விலையை யாரும் கேட்கவே இல்லை என்று தெரிந்தபோது வந்தது நிம்மதி. கூடவே என்மேல் எனக்கே ஆத்திரமும் வந்தது.

லீவு முடிவதற்குள் எரிச்சல் அடங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் மல்லாந்து படுத்து எழுந்திருக்கிறேன் என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது. தலையை ஒட்ட வெட்டிக்கொண்டேன். பழைய குல்லாயை மனைவி வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள். அது எரிகிற வாடை அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரிந்தது.

புதுக் குல்லாயோடு வேலைக்குப் போனேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் "பழனிங்களா?" என்றார்கள். ஆமாம் என்றேன். ஃபேக்டரிக் கதவைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். ஈர இலையின் மணம் முகத்தில் வந்து மோதியது. இலைக் கொட்டகையிலிருந்து முதன்முதலாக உள்ளே வந்த அன்று அடித்த அதே மணம். அது இடையில் எனக்கு இல்லாமல் போயிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மாதிரிகளை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருப்போம். ஏலத்தில் கெட்ட பெயர் வாங்கிய டீயின் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன். தைலம். அதன் அடியில் காறிப்போன தேங்காய் எண்ணெய். அதற்கும் அடியில் வியர்த்த கம்பளி. நான் புரண்டு புரண்டு படுத்த இரவெல்லாம் அந்த டப்பாவுக்குள் இருந்தது. பிறகு நான் லீவில் இருந்தபோது தயாரானதைத் திறந்தேன். பக்குவம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. ஆனால் சுத்தமாக இருந்தது.

இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"வாடை அடுப்புல இல்லீங்க. என் தலையிலங்க" என்று சொல்லி, குல்லாயைக் கழற்றினேன். தழும்புகள் அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கை சட்டைப்பைக்குப் போய்ச் சீப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. "அடுப்பை அக்கு அக்காக் கழட்டினனேப்பா. இப்படி எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னனுங்க. சிரிச்சீங்க."

அவர் இரண்டு டப்பாவையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "சரி, அடுத்த சரக்கு ஏலத்துக்குப் போகட்டும். குன்னூர்ல என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுப் பேசலாம். மொதல்ல அடுப்படிக்குப் போய் அந்தப் பெரியவர்கிட்டச் சொல்லிட்டு வா" என்றார்.

பெரியவர் கேட்டுவிட்டு என் தலையையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க மண்டையில எரிஞ்ச நெருப்புக்கு என் அடுப்பையில்ல ஐயா அவுத்துப் போட்டாங்க!" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. கனகாம்பரப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை.

அடுத்த ஏலம் முடியும்வரை வீட்டில் பாதிச் சாமானை நாங்கள் பிரிக்காமலே வைத்திருந்தோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய நேர்ந்தால் என்ன செய்வது என்று மனைவி மூட்டை கட்டியிருந்தாள். குன்னூரிலிருந்து போன் வந்த அன்று மேனேஜர் என்னைக் கூப்பிடவில்லை. இலை பரப்பிய அறைக்குத் தானே வந்தார். நான் குனிந்து இலையை அள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஒரு குத்தமும் சொல்லல" என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, "இப்ப எரியுதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு என் நெற்றியைப் பற்றி அவர் பேசவே இல்லை. உண்மையில் அது இன்னும் வேகமாக வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் புதுப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனேன். மனைவி டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினாள். என் டம்ளரைக் கொடுக்காமல் தன் மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடி மோந்தாள். பிறகு வந்து என் பின்னால் நின்று, குல்லாயைக் கழற்றி, உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்தாள். அவள் கை என் தலைமேல் இருந்தது. நான் தட்டிவிடவில்லை.

"இப்ப வேற வேறயா மணக்குதுங்க" என்றாள். கையை எடுக்கவில்லை.